ஆற்றங்கரையில் மேகக் கைகள்

6 ஜனவரி 2025, திங்கள்

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில், மெல்ல அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தாய்ச்சிக்காகக் கூடும் குழுவில் நான் சேர்ந்து இன்றோடு ஒரு வாரமாகிறது. தெம்பனிஸ் வீட்டை விற்றுவிட்டு இந்த ஈரறை வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகியும், மின்தூக்கியில் தலையசைப்பதற்கு மேல் அக்கம்பக்கத்தாரோடு எனக்குப் பழக்கம் ஏற்படவில்லை. சில நாள்களில் மாலைவரை ஒரு சொல்கூடப் பேசாமலேயே இருந்திருக்கிறேன். மகள் தொலைபேசியில் அழைக்கும்போது என் குரல் கரகரப்பதை வைத்துத்தான் அதை உணர்வேன். முழங்கால் வலிக்காகப் பலதுறை மருந்தகத்துக்குச் சென்றபோது, அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு மேலும் இறுகிவிடும் என்று இயன்முறை மருத்துவர் எச்சரித்தார். அன்று மாலையே எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் அறிவிப்புப் பலகையில் இந்தக் குழுவைப் பற்றிய தாள் என் கண்ணில் பட்டது.

ஞாயிறு தவிர நாள்தோறும் காலை ஏழு மணிக்குப் பயிற்சி தொடங்குகிறது. ஜனவரியில் அந்நேரத்துக்குச் சூரியன் எழுவதில்லை என்பதால், முதல் சில நிமிடங்கள் பூங்கா விளக்கின் வெளிச்சத்தில்தான் நிற்கிறோம். பக்கத்தில் ஓடும் காலாங் ஆற்றை நான் நேரான கான்கிரீட் கால்வாயாகப் பார்த்தவள். 2.7 கி.மீ. நீளமிருந்த அந்தக் கால்வாயை உடைத்து, புல்லும் பாறையுமாக வளைந்து செல்லும் ஆறாக மாற்றி 2012இல் பூங்காவைத் திறந்தார்கள். இருபத்தைந்து பேர் கொண்ட குழுவில் தமிழர் நான் ஒருத்திதான்.

11 ஜனவரி, சனி

நேற்றுத் தொடங்கிய மழை விடவேயில்லை. பூங்காவுக்குப் போக முடியாததால் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே பயிற்சி நடந்தது. தூண்களுக்கு இடையே வரிசை பிரிந்து நின்றதில், முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யும் வழக்கம் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து சீன மொழியில் வரும் அசைவுகளின் பெயர்களை நம்பித்தான் செய்தாக வேண்டியிருந்தது. எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை.

பயிற்சி முடிந்ததும், எல்லாரும் 'லாவ்ஷி' என்று அழைக்கும் எங்கள் ஆசிரியர், ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், என்னை உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகப் பொருள் சொன்னார். நாங்கள் செய்வது 1956இல் சீனாவின் விளையாட்டுத் துறை யாங் என்னும் தாய்ச்சி மரபிலிருந்து சுருக்கித் தொகுத்த 24 அசைவுகள் கொண்ட வடிவம். தொடக்கம் முதல் முடிவுவரை ஐந்தாறு நிமிடங்களே ஆகும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டேன்: காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல், வெண்கொக்கு சிறகு விரித்தல், சிட்டுக்குருவியின் வாலைப் பற்றுதல், மேகக் கைகள், கடலடி ஊசி. முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெயர் தெரிந்ததும் கை தானாக வழி கண்டுகொள்ளும் என்றே தோன்றுகிறது.

20 ஜனவரி, திங்கள்

கை வழி கண்டுகொண்டது, கால்தான் தடுமாறுகிறது. பாதத்தை ஊன்றி முன்னோக்கிச் சாயும்போது என் வலது முழங்கால் உட்புறமாகச் சரிவதை லாவ்ஷி இன்று கண்டுபிடித்தார். மடித்த விசிறியின் நுனியால் முழங்காலை மெல்ல வெளிப்பக்கம் தள்ளி, கால்விரல்கள் எந்தத் திசையைக் காட்டுகின்றனவோ அந்தத் திசையிலேயே முழங்காலும் நிற்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டிப் போகக் கூடாது என்று செய்துகாட்டினார். இடது காலைத் தூக்குவதற்கு முன் உடல் எடை முழுவதையும் வலது காலுக்கு மாற்றிவிட வேண்டும்; எடை மாறாத காலைத் தூக்கினால் தள்ளாடத்தான் செய்வோம். ஏழு முறை செய்தேன். எட்டாவது முறை, பாதத்தின் அடியில் எடை குதிகாலிலிருந்து பெருவிரல்வரை நகர்வதை முதன்முறையாக உணர்ந்தேன். முழங்காலில் குத்தல் இல்லை.

லாவ்ஷி "மான் மான்" என்கிறார். என் பக்கத்தில் நிற்கும் மலாய்ப் பெண்மணி, நாங்கள் 'மக்சிக்' (அத்தை) என்று அழைப்பவர், பின்வரிசை முதியவருக்கும் கேட்கும்படி அதையே மலாயில் "பெலான் பெலான்" என்கிறார். நான் எனக்குள் 'மெல்ல மெல்ல' என்று சொல்லிக்கொள்கிறேன்.

12 பிப்ரவரி, புதன்

நேற்றுத் தைப்பூசம். பால்குடம் எடுத்ததால் பயிற்சிக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இன்று காலை புல்வெளியில் கால் வைத்ததும் மூன்று பேர் மூன்று திசையிலிருந்து, நேற்று ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டார்கள். பின்வரிசையில் எப்போதும் தூணைப்போல் நிற்கும் எண்பத்தொரு வயது தியோச்சியூ சீன முதியவர் எதுவும் கேட்காமல், சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் இன்று. என் வருகையை யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவு வீடு திரும்பும்வரை நெஞ்சில் நிறைந்திருந்தது.

5 மார்ச், புதன்

நோன்பு மாதம் தொடங்கியதிலிருந்து மக்சிக் முதல் சுற்று மட்டும் செய்துவிட்டுக் கல்லிருக்கையில் அமர்ந்துகொள்கிறார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருப்பதில்லை. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். வாரம் இருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் தாய்ச்சி செய்தவர்களுக்கு, வழக்கமான இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிடைத்த அளவுக்கே வலி குறைந்தது; மனச்சோர்வு இன்னும் கூடுதலாகக் குறைந்தது. "அதற்கு ஆய்வு எதற்கு?" என்றார் மக்சிக். கணவர் தவறிய ஆண்டில் தம்மை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்ததே இந்தக் குழுதான் என்றார்.

20 மார்ச், வியாழன்

பின்வரிசை முதியவர் இரண்டு நாளாக வரவில்லை. பயிற்சி முடிந்ததும் மக்சிக்கும் நானும் அவருடைய புளோக்குக்குச் சென்று ஒன்பதாம் மாடியில் கதவைத் தட்டினோம். கதவு திறக்க நெடுநேரம் ஆனது. வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருக்க, சுவரைப் பிடித்தபடி நின்றார். மேசைமேல் பாதி காலியான பிஸ்கட் டின்னும் ஆறிப்போன தேநீரும் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. எங்கள் தலைமுறைக்குப் பொதுவான சந்தை மலாய்தான் துணை. "சுடா மாக்கான்?" என்று கேட்டேன். சாப்பிட்டாயிற்று என்று பிஸ்கட் டின்னைக் காட்டினார்.

மக்சிக் அவரோடு இருக்க, நான் காப்பிக்கடையில் கஞ்சி வாங்கி வந்தேன். அதற்குள் லாவ்ஷி வந்து அவரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். 'கௌட்' என்னும் மூட்டுவாதமாம். மருந்தில் தணிந்துவிடும் என்றார்களாம். எனினும், இரண்டாம் நாள்வரை ஏன் காத்திருந்தோம் என்ற கேள்வி என்னை விடவில்லை. இனி ஒரு நாள் வராவிட்டாலே அன்றைக்கே யாராவது சென்று பார்ப்பது என்று முடிவு செய்து, யார் வீட்டுக்கு யார் பக்கத்தில் இருக்கிறார் என்று நானே ஒரு பட்டியல் எழுதினேன்.

14 ஏப்ரல், திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. பாயசம் வைத்துச் சிறு கிண்ணங்களில் கொண்டுபோனேன். பயிற்சிக்குப் பிறகு வழக்கம்போல் உணவங்காடி நிலையத்தில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு அமர்ந்தோம். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரமும் சீனாவின் தாய்ச்சியும் 2020 டிசம்பரில் ஒரே கூட்டத்தில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன என்று லாவ்ஷி சொன்னபோது, ஒரு காலை வேளையில் அவை இரண்டையும் அடுத்தடுத்து அனுபவிக்கும் எங்களைப் போன்றவர்கள் பாக்கியசாலிகள் என்று மனதாரச் சொன்னேன். பாயசத்தில் ஏலக்காய் எது என்று கேட்டு, ஒருவர் அதைக் கரண்டியில் தனியே எடுத்து முகர்ந்துபார்த்தார்.

26 ஏப்ரல், சனி

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை உலக தாய்ச்சி நாள். பல நாடுகளில் அந்தந்த ஊர் நேரப்படி காலை பத்து மணிக்கு ஒன்றுகூடிச் செய்யும் வழக்கம் உண்டு என்பதால், நாங்களும் இன்று பத்து மணிக்குக் கூடினோம். வெயில் ஏறியிருந்ததால் மழைமரத்தின் நிழலில் நின்றோம்.

முதியவர் கைத்தடியுடன் வந்தார். நிற்க வேண்டாம் என்று லாவ்ஷி நாற்காலி போட்டு, இரு பாதங்களும் தரையில் படிய, முதுகு சாயாமல் உட்காரவைத்தார். மேகக் கைகள் வந்தபோது நாங்கள் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தோம். அவர் உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பி, ஒரு கை முகத்துக்கு முன்னும் மற்றொன்று வயிற்றுக்கு முன்னும் கடக்க, எங்களைவிடச் சீராகச் செய்தார். கைகளைத் தாழ்த்தி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "பேசோக்?" என்றார்.

நாளை ஞாயிறு, பயிற்சி இல்லை என்று மலாயில் சொன்னேன். திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்கு ஒன்பதாம் மாடிக்கு வந்து கதவைத் தட்டுகிறேன் என்றும் சொன்னேன்.