நெகேவில் சனிக்கிழமை வேன்

பாலைவனம் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் அதிரவில்லை. பரமக்குடிக்காரிக்கு வெயில் புதிதா என்ன? இஸ்ரேல் என்றதும்தான் அம்மா டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் படித்த வளாகம் நெகேவ் பாலைவனத்தில் ஸ்தே போக்கரை ஒட்டி இருக்கிறது. நாட்டின் முதல் பிரதமர் பென் குரியன் பதவியை விட்டு வந்து தங்கிய ஊர். அவர் கல்லறையும் பள்ளத்தாக்கின் விளிம்பில் அங்கேதான். அதைச் சுற்றிய புல்லில் வளைந்த கொம்புக் காட்டாடுகள் ஆளைப் பொருட்படுத்தாமல் மேயும். இதைத் தாண்டினால் பொழுதுபோக்க ஒன்றும் கிடையாது. வெள்ளி மதியத்துக்கு மேல் பஸ்ஸும் நின்றுவிடும். யூதர்களின் ஓய்வுநாள் முடிந்து சனி இருட்டிய பிறகுதான் மறுபடி ஓடும். கார் இல்லாத வெளிநாட்டு மாணவர்கள் காசு போட்டு வேன் எடுப்பது அதனால்தான். எத்தியோப்பியா, கானா, சீனா, நேபாளம், ஜெர்மனி, கூடவே தமிழ் பேச நானும் பாளையங்கோட்டைத் தம்பி ஒருவனும்.

எங்கே போவது என்பதில் ஒவ்வொரு தடவையும் தகராறு. கிறிஸ்தவர்களுக்கு பைபிள் இடங்கள் வேண்டும், ஜெர்மன்காரருக்கு இடிபாடு, மற்றவர்களுக்கு சாக்கடலில் மிதந்து போட்டோ எடுத்தால் போதும். எனக்குத் தண்ணீர். எங்கே போனாலும், இந்த மொட்டைப் பாறையில் இத்தனை பேர் எதைக் குடித்து வாழ்ந்தார்கள் என்றுதான் கேள்வி வரும்.

பக்கத்திலேயே இருந்தது அவ்தாத். தென் அரேபியாவிலிருந்து தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின்களை ஒட்டகத்தில் ஏற்றி பெட்ரா வழியாகக் காசா துறைமுகத்துக்குக் கொண்டுபோன நபாத்தியர் என்ற பழைய அரபு வணிகர்களின் ஊர். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பின்னால் பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் காலத்தில் குன்றின் உச்சியில் தேவாலயங்கள் எழும்பின. திராட்சை பிழியும் தொட்டிகளும் வந்தன. எங்கள் ராமநாதபுரத்தைத் தண்ணியில்லாக் காடு என்பார்கள். அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அவ்தாத்தில் 100கூடத் தேறாது. அதில் திராட்சைத் தோட்டம்!

சூட்சுமம் மண்ணில் இருக்கிறது. காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்மண், முதல் தூறலிலேயே மேலே ஆடை கட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் விழும் மழை உள்ளே இறங்காமல் சரிவில் வழுக்கி ஓடும். அந்த ஓட்டத்தைக் கல்வரப்பு கட்டித் திருப்பி, பள்ளத்தில் இருக்கும் வயலுக்குள் விட்டார்கள். ஒரு ஏக்கர் வயலுக்கு இருபது, முப்பது ஏக்கர் சரிவு வேண்டும். 1950களின் இறுதியில் தாவரவியலாளர் மைக்கேல் எவனாரி இங்கே ஒரு பழைய பண்ணையைச் சீர்படுத்தி, அதே முறையில் மரம் வளர்த்துக் காட்டினார். நான் வரப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, தம்பி நொந்துகொண்டான்: "சர்ச் பாக்கலாம்னு கூட்டிட்டு வந்து கண்மாய் பாக்கீங்களேக்கா!"

சாக்கடலுக்குப் பக்கத்து மலைக்கோட்டை மசாதாவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ரோமானியர் முற்றுகை, கூட்டத் தற்கொலை, விடியற்காலையில் ஏறும் பாம்புப் பாதை. சூரிய உதயம் நன்றாகத்தான் இருந்தது, கூட்டம் தாங்கவில்லை. எனக்குப் பிடித்தது பாறைச் சரிவில் ஏரோது மன்னன் குடைந்த தொட்டிகள். எப்போதாவது வரும் காட்டு வெள்ளத்தை வாய்க்கால் வெட்டி அதற்குள் திருப்பிவிட்டு, அங்கிருந்து உச்சிக்குச் சுமந்திருக்கிறார்கள். பழைய பைபிள் சுருள்கள் கிடைத்த கும்ரானிலும் இதே கதைதான், வாய்க்காலும் தொட்டியும்.

வழிகாட்டிகள் இரண்டாயிரம் வருஷக் கதையை மூச்சுவிடாமல் சொல்வார்கள். சாலையோரத்தில் பெதுவின் என்ற பாலைவன அரபு மக்களின் தகரக் குடியிருப்புகளைப் பற்றிக் கேட்டால் பேச்சு மாறிவிடும். அரசு அங்கீகரிக்காத ஊர்கள் அவை. தலைக்கு மேலே உயரழுத்த மின்கம்பி போகும், வீட்டுக்கு இணைப்பு இருக்காது.

ஜனவரியில் இயேசுவின் ஞானஸ்நானத்தை நினைத்து எத்தியோப்பியர்கள் கொண்டாடும் திம்கத் திருநாளை ஒட்டி மேற்குக் கரையில் உள்ள கஸர் அல் யஹூத் போனோம். இயேசு ஞானஸ்நானம் பெற்றதாக நம்பப்படும் துறை. போகிற வழியெல்லாம் கம்பிவேலி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை. யோர்தான் நதி என்று மனதில் ஒரு காவிரியை வைத்திருந்தேன். பார்த்தால் வைகைப் பாசன வாய்க்கால் அகலம், செம்மண் நிறம். மேலே மூன்று நாடுகள் தண்ணீரை எடுத்துக்கொண்டால் கீழே இதுதான் மிஞ்சும். எதிர்க்கரை ஜோர்டான் நாடு, அங்கேயும் படிக்கட்டில் பக்தர்கள். எங்கள் எத்தியோப்பிய நண்பர் வெள்ளை அங்கியோடு மூன்று முறை முங்கி எழுந்தார், குளிரில் பல் கிட்டியது. தம்பி அம்மாவுக்கு வீடியோ காலில் நதியைக் காட்டினான். "என்னல இவ்ளோ கலங்கலா கெடக்கு? சரி, ஒரு பாட்டில் பிடிச்சுக்கோ." பிடித்தான். அந்த பாட்டில் ஹாஸ்டல் ஃப்ரிட்ஜில் என் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட பயணம் மம்ஷித் மட்டும்தான், அதுவும் ஒரு நபாத்தியர் ஊரின் இடிபாடு. அதற்கு நபாத்தியர் காரணமில்லை. பக்கத்து ஊர் திமோனாவில் மகாராஷ்டிரத்திலிருந்து குடியேறிய பெனே இஸ்ரேல் யூதர்கள் நிறைய. இந்திய மளிகைக் கடை உண்டு. வெள்ளிக்கிழமை சீக்கிரம் அடைத்துவிடுவார்கள் என்பதால் முதலில் கடை, பிறகுதான் இடிபாடு. கடைக்கார அம்மா என்னிடம் இந்தியில் ஆரம்பித்து, நான் விழித்ததும் ஹீப்ருவுக்குத் தாவி, கடைசியில் விரலால் விலை சொன்னார். வேனில் வைத்தால் சூடாகிவிடும் என்று கறிவேப்பிலைப் பையைத் தம்பி கையோடு எடுத்துக்கொண்டான். மம்ஷித் தேவாலயத்து மொசைக் தரையை அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பார்த்தான். ஜெர்மன்காரர் மட்டும் அது என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டே வந்தார்.