விறைத்த விரல்களின் சொல்

நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னதோடு விடமாட்டார். ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியை மேசையில் விரித்து, பொருளுக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் இருக்கும் பொடி எழுத்துகளையும் எங்களில் ஒருவரை வாசிக்க வைப்பார். சொல்லின் ஊரும் வயதும் அங்கேதான் இருக்கும்.

'கிளம்சி' அப்படித்தான் எங்களுக்கு அறிமுகமானது. ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாயைக் கைநழுவ விட்ட ஒரு மாணவனை வகுப்பே அப்படிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. கையில் எதுவும் நில்லாதவன், எதையாவது தட்டிவிடுபவன் என்பதே நாங்கள் அறிந்த பொருள். சேர் அகராதியை எடுத்துவரச் சொன்னார். குளிரில் மரத்துப்போவதைக் குறித்த ஒரு பழைய வினைச்சொல்லிலிருந்து அது பிறந்ததாம். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் லாங்லண்ட் எழுதிய நெடுங்கவிதையில் அந்த வினை வருகிறது: குளிரால் விறைப்பதும் வறட்சியால் வாடுவதும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. 'கிளம்சி' என்ற வடிவம் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. ஆக, அந்தச் சொல்லின் தொடக்கத்தில் பழி குளிருக்குத்தான், கைக்கு இல்லை என்று சேர் விளக்கினார். அந்த மாணவனைப் பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஏறக்குறைய இதே பொருளில் ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட 'கோஷ்' என்ற சொல்லுக்கு 'இடப்பக்கம்' என்பது மூலப்பொருள். அது சேருக்குப் பிடிக்காது. எனக்கும் இன்றுவரை பிடிக்கவில்லை. இடக்கையால் எழுதிய பிள்ளைகள் எங்கள் ஊரிலும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்துகொண்டு விறைத்த விரலை எப்படி நினைத்துப் பார்ப்பது? நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில், நம்மவர் பலரைப் போல நானும் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அது விளங்கியது. பனிக்கட்டிக்குள்ளிருந்து தொர்ஸ்க் மீனை எடுத்து எடுத்து விரல்கள் மரத்துவிடும். கத்தியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. குளிர் அங்கே இறங்கினால் பிடி தளரும், நரம்பும் செய்தியை மெதுவாகவே கடத்தும். விரலின் தோல் ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை கைக்கு வராது. அப்புறம் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பொத்தான் போட முடியாது. அங்கே மீனைத் தவறவிட்டவரை யாரும் ஏசியதில்லை. சுடுநீர்த் தொட்டியைத்தான் காட்டுவார்கள்.

அங்கேதான் 'க்ளும்செத்தே' என்ற நோர்வேஜியச் சொல்லையும் கேட்டேன். பொருள் அதேதான். சொல்லின் ஊராக அகராதியின் பொடி எழுத்துகள் நோர்வேயும் சுவீடனும் அடங்கிய ஸ்கண்டிநேவியாவைக் கைகாட்டியது நினைவுக்கு வந்து, அன்றிரவே சேருக்குக் கடிதம் எழுதினேன். அவருடைய பதிலில் பாராட்டு ஒரு வரிதான். மீதி முழுக்கக் கேள்விகள். சுவீடனில் எப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருந்தார். விசாரித்தேன். அங்கே வட்டார வழக்கில் 'க்ளும்சிக்' என்று உண்டு. மரத்துப்போனது என்ற பழைய பொருளும் அதற்கு இருக்கிறது.