அத்தை காதில் என்ன கேட்கிறது

அக்டோபர் 27

சாமான்கள் எல்லாம் மாடிக்கு வந்து சேர்ந்துவிட்டன. படுக்கையறைதான் இனி பாட்டுப் பதிவு செய்யும் பூத். சுவரை உடைத்துக் கண்ணாடி பதித்தாயிற்று, கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டியாயிற்று. ஹெட்போன் வேலை மட்டும் பாக்கி.

அத்தையின் ஆபரேஷனுக்கு இன்னும் 23 நாள்.

அக்டோபர் 28

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை. தரை வழியாக ஒரு உறுமல் வந்துகொண்டே இருக்கிறது. இரவு பதினொன்றுக்கு மேல்தான் அடங்கியது. அத்தையை அந்த நேரத்தில் பாடச் சொல்ல முடியாது.

அக்டோபர் 30

கையில் நான்கு ஹெட்போன்கள் இருக்கின்றன. பேயர்டைனமிக் டிடி 770 இரண்டு, மின்தடை 250 ஓம். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் ஒன்று, 38 ஓம். பழைய சோனி 7506 ஒன்று, 63 ஓம். நான்கையும் ஒலியை ஏற்றித் தரும் ஒரே ஆம்ப்பில் சொருகி, நான்கு குமிழையும் ஒரே அளவில் வைத்து, மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். 250 ஓமில் பாட்டு அடுத்த வீட்டில் ஓடுவது போல இருக்கிறது. அதே இடத்தில் 38 ஓம் காதைக் கிழிக்கிறது. கணக்கு போட்டால் புரிகிறது. ஒரு வோல்ட் கொடுத்தால் 250 ஓமுக்குப் போவது 4 மில்லிவாட், 38 ஓமுக்கு 26. ஒருவர் "கேட்கலை" என்பார், நான் மொத்தத்தையும் ஏற்றுவேன், பக்கத்தில் இருப்பவர் துள்ளி எழுவார்.

அப்படியென்றால் பூத்துக்கு எம்50எக்ஸ் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அத்தையின் தோடு ஞாபகம் வந்தது. எட்டுக்கல் தோடு, கழற்ற மாட்டார். எம்50எக்ஸ் இறுக்கிப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் காது மடல் சிவந்துவிடும். சோனி காதின் மேலேயே அழுத்தும், அது இன்னும் மோசம். டிடி 770இன் வெல்வெட் மெத்தைதான் காதைச் சுற்றி உட்காருகிறது, தோட்டைத் தொடாது. அதில் 80 ஓம் வகையும் உண்டு. அதே ஒரு வோல்ட்டுக்கு 12.5 மில்லிவாட் கிடைக்கும். இந்த ஆம்ப்புக்கு அது சரியாக இருக்கும்.

நாளைக்கே ரிச்சி தெரு, வாங்கிவிட வேண்டும்.

நவம்பர் 1

ரிப்போர்ட் வந்துவிட்டது. மாமா போனில் முழுதும் படித்தார். "இடது பக்கம்" என்பது மட்டும் காதில் நின்றது.

நவம்பர் 2

இன்று முழுக்க வயரிங். மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் எட்டு அவுட். முதல் இரண்டு எனக்கு, கண்ட்ரோல் ரூம் ஸ்பீக்கருக்கு. 3-4 அத்தைக்கு, 5-6 வீணைக்கு, 7-8 கூட யாராவது வந்தால். மூன்று பேருக்கும் தனித்தனி மிக்ஸ், அவரவர் காதுக்கு வேண்டிய ஒலிக் கலவை. எல்லா அனுப்புதலும் ப்ரீ-ஃபேடர், அதாவது நான் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பே பிரிந்து போவது. இதில் மட்டும் நான் பிடிவாதம். நான் இந்தப் பக்கம் ஃபேடரை என்ன செய்தாலும் உள்ளே இருப்பவர் காதில் ஒன்றும் மாறக் கூடாது. ஒரு சொல் சரியாக விழுந்ததா என்று நான் குரலை மட்டும் தனியாக ஏற்றிக் கேட்பேன். அந்த நொடியில் பாடுகிறவருக்குக் காலடியில் தரை நகர்ந்தது போல இருக்கும். நான் கோரஸ் பாடப் போன காலத்தில் அதை அனுபவித்திருக்கிறேன். இரண்டு வரி பாட மறந்து நின்றேன்.

ஆளுக்கொரு சின்ன மிக்ஸர் வைத்துக்கொள்கிற வகையும் இருக்கிறது. பெஹ்ரிங்கர் பி16 மாதிரி, ஒரு நெட்வொர்க் கேபிளில் 16 சேனல் போகும், அவரவர் குமிழை அவரவரே திருப்பிக்கொள்ளலாம். டிரம்மருக்கும் கீபோர்டுக்காரருக்கும் அது வரப்பிரசாதம். அத்தை முன்னால் 16 சேனலை வைக்க மனம் வரவில்லை. ஒரே ஒரு குமிழ் போதும்.

நவம்பர் 4

உர்ர்ர். 50 ஹெர்ட்ஸ். ஆம்ப் பூத்துக்குள் ஒரு சுவரில், இன்டர்ஃபேஸ் இங்கே இன்னொரு சுவரில், இரண்டுக்கும் வேறு வேறு எர்த். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரே போர்டிலிருந்து இரண்டுக்கும் இழுத்துக் கொடுத்தார். நின்றது.

நவம்பர் 5

பூத்தில் போட்டுப் பார்க்க ஒரு பழைய மிக்ஸை ஓட்டினேன். நானே பதிவு செய்தது, ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வயலின் இருக்கிறது, தம்புரா இருக்கிறது, குரலின் எதிரொலி தூரத்தில் மிதக்கிறது. குரல் மட்டும் இல்லை. பாடுகிறவர் எழுந்து போய்விட்ட அறை மாதிரி இருந்தது.

காரணம் தெரிந்த விஷயம்தான். ஹெட்போன் பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான தரை. எக்ஸ்டென்ஷன் கேபிளில் அந்த அடிப்பகுதி வயர் விட்டுப் போயிருக்கிறது. தரை போனால் இடதும் வலதும் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பது அழிந்து போகும். பாட்டில் நட்ட நடுவில் நிற்பது குரல்தானே.

கேபிளைத் திறந்து ஈயம் வைக்க ஐந்து நிமிஷம். அதைச் செய்யாமல் அப்படியே ரொம்ப நேரம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஓடிப் போய் அணைத்தேன்.

நவம்பர் 6

மாமாவிடம் மறுபடி கேட்டேன். குரல் நாணுக்குப் போகும் நரம்பு தைராய்டின் பின்புறம் ஒட்டியே ஓடுகிறதாம். அதைத் தொடாமல் எடுக்கத்தான் பார்ப்பார்களாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாதாம். "பெரும்பாலும்" என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார்.

நவம்பர் 7

அத்தை வந்தார், ஒத்திகைக்கு.

படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்து, பூத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூஜை ரூம் மாதிரி இருக்கு" என்றார். சந்தோஷமாக இருந்தது. அதோடு சரி, மற்றது எல்லாம் தப்பாகப் போனது.

முதலில் வளையல். கைக்கு மூன்று, தங்க வளையல்கள். தாளம் போட்டால் மைக்கில் மணி அடிக்கிறது. கழற்றலாமா அத்தை என்றேன். "வெறுங்கையோட உட்கார்ந்து நலுங்கு பாடச் சொல்றியா?" அதற்கு மேல் பேச முடியவில்லை. கர்சீப்பை நீளமாக மடித்து வளையல்களோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கைகளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

வேகம் காட்டும் கிளிக் சத்தத்தைக் காதில் போட்டதும் முகம் சுளித்தார். எடுத்துவிட்டேன். பாட்டி ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்த பாட்டு, அதை நிமிஷத்துக்கு 72 என்று கட்டிப் போட எனக்கு என்ன உரிமை.

அப்புறம்தான் அது. தாலாட்டின் முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்தார். "என்னடி இது, என் குரல் மாதிரியே இல்லையே. சத்தே இல்லாம, கிணத்துக்குள்ள இருந்து யாரோ பாடற மாதிரி." நான் கண்ட்ரோல் ரூமில் கேட்டேன், அருமையாக இருந்தது. போட்டுக் காட்டினேன். "இப்ப நல்லா இருக்கு" என்றார். மறுபடி பாடினால் மறுபடி அதே முகம்.

"எனக்கு அதுக்குள்ளயே குரல் போக ஆரம்பிச்சிடுச்சோ?"

இல்லை அத்தை, இல்லை என்று நூறு முறை சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆட்டோவில் ஏறும் வரை பேசவில்லை.

நவம்பர் 8

தூக்கம் இல்லை. இரவு 2 மணிக்கு எழுந்து லேட்டன்சியை, குரல் காதுக்குத் திரும்பி வரும் தாமதத்தை, கணக்குப் பார்த்தேன். 48 கிலோஹெர்ட்ஸில், கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபர் 256 சாம்பிள். போக 5.3 மில்லிசெகண்ட், வர 5.3. மொத்தம் பத்துக்கு மேல். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகும். அப்படியானால் அத்தையின் குரல் மூன்றரை மீட்டர் தள்ளி நின்று அவர் காதுக்கு வருகிறது.

குரலை கம்ப்யூட்டருக்குள் அனுப்பாமல் இன்டர்ஃபேஸின் உள் மிக்ஸரிலிருந்தே நேராகக் காதுக்குத் திருப்பினேன். எதிரொலி மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து வரட்டும். எதிரொலி பத்து மில்லிசெகண்ட் தாமதமாக வருவதால் ஒரு கெடுதலும் இல்லை, கூடம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 9

சரியாகவில்லை.

காலையில் நானே பூத்துக்குள் போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தி, அத்தையின் ஸ்டூலில், அத்தையின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தத் தாலாட்டையே பாடினேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. தாமதம் இல்லை. ஆனால் அதே கிணறு. என் குரலின் அடிப்பகுதியை யாரோ உறிஞ்சி எடுத்துவிட்டது போல.

மைக்கின் போலாரிட்டியை ஒரு பட்டனில் திருப்பிப் போட்டேன். குரல் தலைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது. நெஞ்சு வரைக்கும் நிறைந்தது. அழுதுவிட்டேன்.

மைக் கேபிளை நான்தான் ஈயம் வைத்தேன், மாடி மாறிய வாரத்தில். அதன் ஒரு முனையில், மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் செருகியில், இரண்டாவது பின்னும் மூன்றாவது பின்னும் இடம் மாறியிருக்கின்றன. அலை தலைகீழாகிறது. பதிவில் அது தெரியவே தெரியாது, தனிக் குரல் எப்படிப் புரட்டினாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். பாடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் குரல் எலும்பு வழியாகவும் அவர் காதுக்குப் போகிறது. ஹெட்போன் வழியாக வரும் அதே குரல் தலைகீழாக இருந்தால் இரண்டும் மோதி, கீழ் ஸ்தாயி கரைந்துவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் அது எனக்குக் கேட்டிருக்காது.

அத்தைக்குப் போன் செய்தேன். "கேபிள்தான் தப்பு. உங்க குரல்ல ஒண்ணுமே இல்லை." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

நவம்பர் 10

எல்லாக் கேபிளையும் திறந்து பார்த்தேன், பதினொன்றையும். மற்றவை சரி.

நவம்பர் 12

இரண்டாவது ஒத்திகை. உட்கார்ந்தார், பாடினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆங், இது நான்."

இன்று கற்றுக்கொண்டது நிறைய. அத்தைக்கு இடது காது மந்தம். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நான்தான் மிக்ஸ் போடும்போது மறந்தேன். இடது பக்கம் வைத்திருந்த வீணை அவருக்கு இல்லவே இல்லை. எல்லாவற்றையும் மோனோ ஆக்கினேன், இரண்டு காதிலும் ஒரே ஒலி. அப்போது இடது பக்கத்தைக் கழற்றிக் கழுத்தில் தள்ளிக்கொண்டார். பழைய பாடகர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, ஒரு காது அறைக்கு வேண்டும். ஆனால் கழற்றிய பக்கம் மைக்குக்குள் கசியும். அந்தப் பக்கத்தை மட்டும் சத்தம் இல்லாமல் ஆக்கினேன்.

சுருதி நாலரைக் கட்டை. அவர் குரலை அவர் காதில் ஏற்றினால் அடக்கிப் பாடுகிறார், சுருதி இறங்குகிறது. குறைத்தால் கத்துகிறார். கத்தக் கூடாது, அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு கத்தவே கூடாது. தம்புராவை முன்னால் கொண்டுவந்து, குரலை அதற்கு ஒரு நூல் மேலே வைத்தேன். தோள் இறங்கியது. மூச்சு நீண்டது. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, குமிழ் நின்ற இடத்துக்கு நேரே ஆம்ப்பில் ஒட்டிவிட்டார். "இதைத் தாண்டி யாரும் திருப்பாதீங்க."

இன்னொன்று. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ வாயை அசைக்கிறது தெரியுது, என்ன பேசறேன்னு கேட்க மாட்டேங்குது. என்னைப் பத்தித்தானோன்னு இருக்கு." பாட்டு ஓடாத நேரமெல்லாம், நான் பேசுவதை உள்ளே கொண்டுபோகும் டாக்பேக் மைக் திறந்தே இருக்கும்படி மாற்றிவிட்டேன். நான் தண்ணீர் குடிப்பது கூட இனி அவருக்குக் கேட்கும்.

நவம்பர் 13

மழை. கரண்ட் மூன்று முறை போய் வந்தது. ஒவ்வொரு முறையும் ஹெட்போனில் 'டப்' என்று ஒரு அடி. ஒரு காது நன்றாகக் கேட்கிறவருக்கு அந்த ஒரு காதில் அப்படி விழக் கூடாது. ஆம்ப்பை யுபிஎஸ்ஸில் போட்டேன். அத்தையின் மிக்ஸில், சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரும் வைத்தேன்.

நவம்பர் 15

ஞாயிறு. மெட்ரோ ஆட்கள் இன்று இல்லை. காலை 6.10க்கு ஆரம்பித்தோம்.

பதினாலு பாட்டு. நலுங்கு, ஊஞ்சல், தாலாட்டு, கும்மி. மன்னார்குடியில் பாட்டி பாடியது, அத்தைக்கு மட்டுமே முழுதாகத் தெரிந்தது. எட்டாவது பாட்டில் மூன்றாம் அடி நினைவுக்கு வராமல் நின்றார். டாக்பேக் திறந்து இருந்தது. நான் அவசரப்படவில்லை, வாயைத் திறக்கவில்லை. காதில் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கர்சீப் கட்டிய கையால் காற்றில் ஊஞ்சலைத் தள்ளினார், இரண்டு முறை. மூன்றாம் தள்ளலில் அடி வந்துவிட்டது.

அந்த மௌனத்தை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

மதியம் 1 மணிக்கு ஹெட்போனைக் கழற்றினார். காது சிவக்கவில்லை, பார்த்தேன்.

நவம்பர் 16

மூன்று ஹார்ட் டிஸ்கில் காப்பி. ஒன்று அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 17

சேர்த்தாயிற்று. டாக்டர் மாமாவைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூப்பிட்டுப் பேசினார். அத்தை கட்டிலில் உட்கார்ந்து அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார். பரவாயில்லை.

நவம்பர் 18

அத்தை இன்று நிறைய பேசினார். நான் எதையும் பதிவு செய்யவில்லை.

நவம்பர் 19

காலை 7.20. உள்ளே கூட்டிப் போகிறார்கள். கதவருகே தள்ளுவண்டியை நிறுத்தச் சொல்லி, தோட்டை மாமாவிடம் கழற்றிக் கொடுத்தார். வளையல்களை என்னிடம். ஆறும் என் பையில் இருக்கின்றன. வராந்தாவில் நடந்தால் சத்தம் கேட்கிறது.