மெனோபாஸ் பற்றி யாரிடம், என்ன கேட்கிறோம்?

மெனோபாஸைப் பற்றி, அதாவது வயதாகி மாதவிடாய் நின்றுபோவதைப் பற்றி, பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வு கையில் கிடைத்தால், யாரிடம் கேட்டார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். மருத்துவமனையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டால் அவதி என்றுதான் பதில் வரும். அவதிப்படுவதால்தானே அங்கே வந்திருக்கிறார்கள்!

இதைச் சரியாகப் பிடித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பெர்னிஸ் நியூகார்டன். 1963-இல் அவரும் சக ஆய்வாளர்களும் மெனோபாஸைப் பற்றிய 35 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று குறிக்க வேண்டும். நோயாளிகளை விட்டுவிட்டுச் சாதாரணப் பெண்களிடம் போனார்கள், அதுவும் 45-55 வயதினரோடு நிற்காமல் இருபதுகளில் இருப்பவர்களிடமும் அறுபதைத் தொட்டவர்களிடமும் கேட்டார்கள். மோசமாக நினைத்தவர்களில் இளம்பெண்கள்தான் அதிகம். அதைக் கடந்து வந்தவர்களோ, நின்ற பிறகு உடம்பும் மனசும் தேறிவிடும் என்பதை அவர்களைவிட அதிகமாக ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தப் பயத்தை ஊட்டியது அவள் உடம்பு இல்லை, அவள் காதில் விழுந்த பேச்சு.

வாக்கியங்கள் பலவும் "பெண்கள்" என்று பொதுவாகத்தான் இருக்கும். சொந்தக் கதையைச் சொல்லக் கூசுபவரும் பதில் சொல்லிவிடுவார், சரி. ஆனால் அது அவர் பட்டதா, பக்கத்து வீட்டில் கேட்டதா என்று பிரிக்க முடியாது. இன்னொன்று, மனப்பான்மை வேறு, தொல்லை வேறு. ராத்திரி வியர்த்துக்கொட்டி எழுந்து உட்காரும் பெண்ணிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்ல இந்தப் பட்டியலில் கிடைக்கும் மதிப்பெண்ணை யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்புறம், சிகாகோவில் செய்த பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து வேறு ஊரில் கொடுத்தால் போதுமா? 1975-இல் மார்ச்சா ஃபிளிண்ட் என்ற மானுடவியலாளர் ராஜஸ்தான், இமாசலப் பிரதேச ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதினார். மாதவிடாய் மாறியதைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை என்றே பெரும்பாலோர் சொன்னார்களாம். அதுவரை முக்காட்டுக்குள் இருந்தவர்கள் மாதவிடாய் நின்ற பிறகு வெளியே வந்து ஆண்களோடு உட்கார்ந்து பேசலாம் என்பதை அவர் காரணமாகப் பார்த்தார். அந்த ஒரு காரணமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நம் ஊரில் கேட்கும்போது தீட்டு, பூஜை, ஐம்பதைக் கடந்து சபரிமலைக்கு மாலை போடுவது, இதையெல்லாம் கேட்காத ஒரு படிவம் நம் பெண்களின் மனசை எப்படி அளக்கும்?