தேர்தல் முடிந்து திரும்பிய 12 போர் துப்பாக்கி: சுடும் முன் பார்க்க வேண்டியவை

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த 12 போர், அதாவது ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகள் பறக்கும் துப்பாக்கி, கைக்கு வந்ததும் தோட்டாவைத் தேடாதீர்கள். மாதக்கணக்கில் சாத்திவைத்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அடைப்போடு சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். குழலைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைப் பாருங்கள். முழு வட்டமும் பளிச்சென்று தெரிய வேண்டும். வீட்டில் 20 போரும் இருந்தால் அந்தத் தோட்டாக்களை வேறு பெட்டியில் வையுங்கள். 20 போர் தோட்டா சிறியது; 12 போர் அறையை (தோட்டா உட்காரும் இடம்) தாண்டி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறிவிடும். பிறகு சுட்டால் விரல் மிஞ்சாது.

தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றால் குழலின் அடிப்பக்க முத்திரையைப் படியுங்கள். 2½ அங்குல அறையில் 70 மில்லிமீட்டர் (2¾ அங்குல) தோட்டா சுலபமாக நுழையும், ஏனென்றால் அந்த அளவு சுட்டபின் வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். முறுக்குக் கம்பி வரி தெரியும் டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவே வேண்டாம்.

பித்தளை பிரஷ்ஷைப் பின்பக்கமிருந்து விட்டு, ஈயக் கறை போகத் தேய்த்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. பிசினாகி, தோட்டாவைத் தட்டும் ஊசியைப் பிடித்துக்கொள்ளும், தோட்டா வெடிக்காது. வேலூர் வெயிலில் கட்டை சுருங்கி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அதையும் முடுக்குங்கள்.

இனிதான் முக்கியமான வேலை: குண்டுகள் எங்கே, எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது. அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும், கொல்லையில் அல்ல. கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். லாங்கு பஜாரில் பிரவுன் பேப்பர் வாங்கி, நாலடிக்கு நாலடி ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். முதலில் 20 கஜத்தில், கையைத் தாங்கி வைத்து, குண்டுக் கூட்டம் புள்ளியிலேயே விழுகிறதா என்று பாருங்கள். பிறகு 40 கஜம். சுட்டபின், துளைகள் அடர்ந்த இடத்தை மையமாக்கி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். ஒரு தோட்டாவைப் பிரித்து மொத்தக் குண்டுகளையும் எண்ணி வைத்தால்தான் விகிதம் கிடைக்கும். 200-ல் 140 உள்ளே இருந்தால் 70 சதவீதம், அது ஃபுல் சோக் (சோக் என்பது குழல் வாயின் குறுக்கம்). சோக் இல்லாத குழல் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு காகிதத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு குழலுக்கும், ஒவ்வொரு நம்பர் (குண்டின் பருமன்) தோட்டாவுக்கும் குறைந்தது மூன்று காகிதம் வேண்டும். ஒரே சோக்கில் 4-ம் நம்பர் ஒரு விதமாகவும் 6 வேறு விதமாகவும் விழலாம்; சுடாமல் இது தெரியாது.

அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் இதைவிடக் கண்டிப்பு. தலையும் கழுத்தும்தான் இலக்கு என்பதால் 10 அங்குல வட்டத்தில் 100 குண்டு விழுகிற தூரம்தான் அவர்களுக்கு எல்லை. இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது; பயிர்க் காவல் லைசென்ஸ் பன்றியையோ மயிலையோ சுடும் அனுமதி ஆகாது. ஆனால் அந்த வட்டக் கணக்கு களிமண் தட்டு சுடுகிறவர்களுக்கும் பாடம்தான்.

விசை அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழல் வாயை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி பொறுத்துத் திறங்கள். ‘புஸ்’ என்று மட்டும் கேட்டால் அடுத்ததைப் போடாமல் குழலைப் பாருங்கள், வாட் (மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) உள்ளேயே நின்றிருக்கலாம்.