கடைசிக் காட்சிக்காகச் சேமித்த வெள்ளை

ஒரு நாடகத்தைப் படமாக்கப் போகிறோம் என்று வாயைத் திறந்ததுமே கிடைக்கிற முதல் யோசனை, கதையை அறையை விட்டு வெளியே கொண்டுபோங்கள் என்பதுதான். நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பேய்கள்' நாடகத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்த ஒரு சிறிய படத்தில் முதலில் திரைக்கதைக்கும், பிறகு இணை இயக்குநராகப் படப்பிடிப்பிலும் வேலை பார்த்தேன். எழுத உட்கார்ந்த நாள் முதல் எடிட்டிங் வரைக்கும் இந்த யோசனை யார் மூலமாவது வந்துகொண்டே இருந்தது. வெளியே போகக் கூடாது என்று எனக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இந்த நாடகத்தில் வெளியே போனால் அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

1881இல் அச்சான நாடகம். மூன்று அங்கங்கள், ஐந்தே பாத்திரங்கள், கண்ணாடிச் சுவர் வைத்த தோட்டத்து அறை, வெளியே விடாத மழை. ஒரு பகலில் தொடங்கி மறுநாள் விடியலில் முடிந்துவிடுகிறது. இறந்துபோன கேப்டன் ஆல்விங்கின் பெயரில் அவர் மனைவி ஓர் அனாதை இல்லம் கட்டியிருக்கிறார், மறுநாள் திறப்பு. ஊரே மதித்த அந்த மனிதர் வீட்டுக்குள் எப்படி இருந்தார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. பெரிய சம்பவங்களில் பாதி எப்போதோ நடந்து முடிந்தவை. மேடையில் மிச்சமிருப்பது ஒருவர் சொல்வதும் இன்னொருவர் அதைக் கேட்டு உட்கார்ந்திருப்பதும்தான். தயாரிப்புத் தரப்பு அந்தப் பழைய சம்பவங்களை ஃபிளாஷ்பேக்காகக் கேட்டது. இளம் கேப்டன், வேலைக்காரப் பெண், ஜன்னல் திரை, எல்லாம் எழுதியும் கொடுத்தோம். படிக்கும்போதே தெரிந்துவிட்டது, காட்டிவிட்டால் அது ஒரு சாதாரணக் குடிகாரக் கணவனின் கதை, மனைவி வாயால் சொன்னால்தான் அதில் இத்தனை வருடம் மூடி வைத்த வெட்கமும் சேர்ந்து வருகிறது.

முதல் அங்கத்தின் முடிவைப் பாருங்கள். அதே வீட்டில் தன் கணவன் வேலைக்காரியிடம் எப்படி நடந்துகொண்டான் என்று திருமதி ஆல்விங் பாதிரியார் மாண்டர்ஸிடம் சொல்லி முடிக்கிறார். உடனே பக்கத்துச் சாப்பாட்டு அறையில் நாற்காலி விழுகிற சத்தம், "விடுங்கள்" என்று இப்போதைய வேலைக்காரப் பெண் ரெஜினாவின் கிசுகிசுப்பு. உள்ளே இருப்பது மகன் ஆஸ்வால்ட். மேடையில் பார்வையாளர் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், கதவை, பாதிரியாரை, அம்மாவை. சினிமாவில் அந்த உரிமையை நாம் பிடுங்கிக்கொள்கிறோம், அதனால் எங்கே பார்ப்பது என்று முடிவு பண்ணுவதுதான் தழுவலில் பெரிய வேலை, வசனத்தைக் குறைப்பதெல்லாம் அதற்கு அப்புறம். கதவுக்குள் கேமரா போகவே இல்லை. அம்மாவின் முகத்திலேயே நின்றது. இந்த ஒரு காட்சி அமைந்த பிறகு படம் முழுக்கவே பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்துக்கு வெட்டிப் போவது என்று எடிட்டர் வழக்கமாக்கிக்கொண்டார்.

அறைக்குள்ளேயே இருந்தால் சினிமா ஆகாது என்பவர்களுக்கு எலியா கசான் 1951இல் எடுத்த 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' படத்தைச் சொல்வேன். கதை போகப்போக செட்டின் சுவர்களை உள்ளே நகர்த்தி வீட்டையே சின்னதாக்கினார்கள். இடம் மாறவில்லை, இடம் சுருங்கியது. எங்களிடம் நகர்கிற சுவருக்குப் பணமில்லை, அதனால் கேமராமேன் அங்கத்துக்கு அங்கம் நீண்ட லென்ஸுக்கு மாறினார், பின்னால் இருந்த சுவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி ஆனது.

கருப்பு வெள்ளை விஷயத்துக்கு வருகிறேன். பழைய கதை, பழைய நிறம் என்று நினைத்துத்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது எனக்கு ஒப்பாத காரணம். இந்த நாடகமே வெளிச்சத்தைப் பற்றியது. ஆஸ்வால்ட் ஓர் ஓவியன், பாரிஸிலிருந்து வந்தவன், இங்கே வெயிலே இல்லை என்று புலம்புகிறான், கடைசியில் கேட்பதும் சூரியனைத்தான். சரி, நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? முதல் டெஸ்ட்டில் மிஞ்சியது குழப்பம். பச்சைச் சுவரும் அரக்குச் சிவப்பு உடையும் கண்ணுக்கு அத்தனை எடுப்பாக இருந்தன, மானிட்டரில் இரண்டும் ஒரே சாம்பல், ரெஜினா சுவருக்குள் புகுந்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு துணியையும் கேமரா முன்னால் பிடித்துப் பார்க்காமல் யாரும் தைக்கவில்லை. மழையும் அப்படித்தான், முன்னாலிருந்து லைட் போட்டால் துளியே தெரியாது, பின்னாலிருந்து போட்டால்தான் கோடு கோடாக இறங்கும். கலரில் எடுத்து, டிஐயில், அதாவது கம்ப்யூட்டரில் நிறம் சரிசெய்கிற கட்டத்தில், கருப்பு வெள்ளையாக மாற்றியதால் சிவப்பு, நீலம் எது எவ்வளவு என்று பிறகு கூட்டிக் குறைக்க முடிந்தது. சிவப்பைக் கூட்டினால் தோல் மினுமினுக்கும், உதடு வெளிறிவிடும், நீலத்தைக் கூட்டினால் தழும்பும் கருவளையமும் எழுந்து வரும். ஆஸ்வால்டின் நோய் முற்றுகிற இடத்தில் மேக்கப்பை விட இது அதிகம் உதவியது.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் அனாதை இல்லம் தீப்பிடிக்கிறது. மேடையில் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக வெளிச்சம் போட்டால் வேலை முடிந்தது. எங்களுக்குச் சிவப்பே கிடையாது. எரிகிற கட்டடத்தைக் காட்டவுமில்லை. ஜன்னல் சட்டங்களின் நிழலை மட்டும் கூரையில் நடுங்க விட்டோம், மிச்சத்தைச் சத்தம் பார்த்துக்கொண்டது.

கேமராமேன் கொண்டுவந்த ஒரு விதி இருந்தது: கடைசிக் காட்சி வரைக்கும் ஃபிரேமில் முழு வெள்ளை வரவே கூடாது. சொல்வதற்குச் சுலபம். பாதிரியாரின் கழுத்துப்பட்டை, மேஜை விரிப்பு, இன்சூரன்ஸ் பேச்சில் வருகிற காகிதக் கட்டு, எல்லாவற்றையும் தேநீரில் முக்கிக் காயவைத்தார்கள். பாதிரியாராக நடித்தவர் கண்ணாடியில் பார்த்து, துவைக்காத சட்டையைப் போட்டுவிட்டீர்களே என்றார். மானிட்டரைக் காட்டினோம், அங்கே பளிச்சென்று வெள்ளைதான். சுற்றிலும் இருட்டாக இருந்தால் பழுப்பும் வெள்ளைதான்.

இந்த விதி எதற்கென்றால் விடியலுக்கு. மூல நாடகத்தின் மேடைக் குறிப்பே பாதி ஷாட் பிரித்துத் தந்துவிடுகிறது: அம்மா விளக்கை அணைக்கிறார், வெளியே மலைச் சிகரங்கள் மேல் வெயில் அடிக்கிறது, ஆஸ்வால்ட் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி சூரியனைக் கொடு என்கிறான். அதாவது அவன் கேட்பது அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் கேமராவை அவனுக்கு எதிரே வைத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் வெளுத்துப் போகும், முகம் வெறும் நிழலாகிவிடும். முகத்துக்கு எதிர் லைட் கொடுத்துச் சமன் பண்ணினால் விடியல் செத்துவிடும். நடிகருக்கு முகம் தெரிய வேண்டும், நியாயம்தான், அத்தனை உழைத்திருக்கிறார். நீண்ட வாக்குவாதம். கடைசியில் அவன் முகத்தை இருட்டிலேயே விட்டு, எதிரே நிற்கிற அம்மாவின் முகத்தில் அந்த முழு வெள்ளையை விழவைத்தார்கள். இங்கேயும் பேச்சைக் கேட்டு நிற்கிறவர்தான் காட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தச்சர் எங்ஸ்ட்ராண்டின் பகுதியில் பெரும்பாலானதை இயக்குநர் நீளம் கருதி வெட்டிவிட்டார். நொண்டிக்கொண்டு வந்து பக்தியாகப் பேசியே பாதிரியாரை வளைத்துப் போடுகிற ஆள் அவர், தீ விபத்தின் பழியை நானே ஏற்கிறேன் என்று பாதிரியாரையே தனக்குக் கடன்பட வைக்கிறார். நாடகத்தில் சிரிப்பு வருகிற ஒரே வாசல் அதுதான். அதை அடைத்ததால் படம் தன்னைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்துக்கொள்கிறது. வெட்டிய காட்சிகள் நன்றாகவே வந்திருந்தன, ஏழெட்டு நிமிடம் கூடினால் யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள்.