பெரிய கதிர் பொரியாது

எங்கள் உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் என்றாலே கோழித்தீவனம்தான். அதனால் நான் பதினைந்து சென்ட்டில் பாப்கார்ன் சோளம் போட்டபோது, "சினிமா கொட்டாய் வெக்கப் போறியா?" என்று கேட்காத ஆள் இல்லை. விதைத் திருவிழா ஒன்றில் கைமாறி வந்த நாட்டு ரகம் அது. ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன முத்து. பொரியும், ஆனால் கால்வாசி சட்டியின் அடியிலேயே கிடக்கும். விளைச்சலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நல்லதாகப் பார்த்து விதை எடுத்துக்கொண்டே வந்தால் தேறிவிடும் என்று நினைத்தேன்.

முதல் போகத்தில் கண்ணை நிறைத்த பெரிய கதிர்களாகப் பொறுக்கினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அவற்றில் மணி பருமன், ஆனால் உள்ளே மாவு அதிகம். பொரிவதற்குக் கண்ணாடி மாதிரி இறுகிய பருப்பும் கீறல் இல்லாத தோலும் வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி முட்ட, தோல் தாங்கும்வரை தாங்கி 180 டிகிரி வாக்கில் வெடிக்கும். விளைச்சலைப் பிடித்து இழுத்தால் பொரி இறங்குகிறது. ஆராய்ச்சி நிலையங்களிலும் இதே இழுபறிதான்.

போதாததற்குப் பக்கத்துத் தோட்டத்து வீரிய ரக மக்காச்சோளம் அதே வாரம் பூத்து, அதன் மகரந்தம் என் கதிர்களிலும் விழுந்தது. மணியின் உள்பருப்பு அப்பன் குணத்தையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் அந்தப் போகத்துக் கதிரிலேயே பொரி கெட்டுவிட்டது. இப்போதெல்லாம் ஒரு மாதம் முந்தியே விதைத்துவிடுகிறேன்.

அடுத்த போகத்திலிருந்து கதிருக்கு ஒரு எண். 20 கிராம் மணியைப் பொரித்து அளவு ஜாடியில் கொட்டிப் பார்ப்பேன். மீதி மணி அதே எண் போட்ட காகித உறையில் விதைக்கு இருக்கும். பொரித்ததை முளைக்க வைக்க முடியாதே! ஆரம்பத்தில் 300 மில்லி வந்தாலே பெரிய விஷயம்.

ஒருமுறை நன்றாகக் காயட்டும் என்று பத்து நாள் வெயிலில் போட்டேன். ஒரு கதிரும் உருப்படியாகப் பொரியவில்லை. அம்மாயி ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். "கல்லாட்டமா காய வெச்சுட்டியே கண்ணு" என்றாள். பொரிக்க வைத்திருந்த மணியில் இரண்டு கை தண்ணீர் தெளித்து, தூக்குப்போசியில் போட்டு மூடி, அவ்வப்போது குலுக்கி இரண்டு நாள் வைத்தாள். மூன்றாம் நாள் மணல் சட்டியில் போட்டதும் படபடவென்று மல்லிகைப்பூ மாதிரி விரிந்தது. 13, 14 சதவீத ஈரம் இருக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். அவளுக்கு அது பல்லில் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு அவசரம். பொரியில் முதலில் வந்த ஐந்தே கதிர்களிலிருந்து மொத்த விதையையும் எடுத்தேன். இரண்டே போகத்தில் சோளத்தட்டு குட்டையாகி, கதிரெல்லாம் பொக்கை விழுந்தது. சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் சோளமும் தாங்காது. பழைய உறைகளைத் தேடியெடுத்து, அறுபது கதிரின் விதையைக் கலந்து மறுபடி ஆரம்பித்தேன்.

போன போகத்தில் 14ஆம் எண் கதிர் 520 மில்லி காட்டியது. ஒரே சோளத்தட்டில் இரண்டு கதிர், இரண்டுமே நடுத்தரம். படைப்புழு குருத்தைத் தின்ற பிறகும் இவ்வளவு. அந்த உறை இப்போது அம்மாயியின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எலிக்குப் பயந்து அவள்தான் எடுத்து வைத்தாள்.